மைட்டர் ரம்பம் வாங்கப் போய் வரலாறு படித்த கதை



வரலாறு படிக்கிறவன் ரம்பத்தைப் பற்றி எழுதுகிறானே என்று வகுப்பு நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். இதுவும் வரலாறுதான்.

லீவில் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று நினைத்ததுதான் ஆரம்பம். தங்கை வரைந்த ஓவியங்கள் ஏழெட்டு வீட்டில் சுருட்டியே கிடக்கின்றன. பிரேம் போடக் கடையில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, நாமே செய்தால் என்ன என்று கிளம்பினேன். பீடிங் கட்டையும் ஒரு கைரம்பமும் வாங்கி, ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த புரொட்ராக்டரை வைத்து 45 டிகிரி கோடு போட்டு அறுத்தேன். மூன்று மூலைகள் ஓரளவு சேர்ந்தன. நான்காவது மூலையில் சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. தங்கை பார்த்துவிட்டு, "அண்ணா, இது பிரேமா, ஜன்னலா?" என்றாள் :-)

அன்று இரவே இணையத்தில் தேடி, மின்சார மைட்டர் ரம்பம்தான் இதற்குத் தீர்வு என்று முடிவு செய்துவிட்டேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. ஸ்லைடிங் வேண்டும், இரண்டு பக்கமும் சாய வேண்டும், லேசர் வேண்டும் என்று பட்டியலும் போட்டாயிற்று. அம்மா ஒரே நிபந்தனைதான் போட்டார்: "பெரியப்பா சரின்னு சொன்னா வாங்கிக்கோ."

பெரியப்பா நாற்பது வருடம் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. என் பட்டியலைப் பொறுமையாகக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "இதெல்லாம் முதல்ல யாருக்குடா தேவைப்பட்டுச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. இது வரலாற்றுக் கேள்வி அல்லவா? மூன்று வருடமாக இதைத்தானே படிக்கிறேன்! பதில் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் கணக்கு

இரண்டு சட்டங்களைத் தலா 45 டிகிரியில் சாய்த்து வெட்டிச் சேர்த்தால் 90 டிகிரி மூலை கிடைக்கும். மரத்தின் வெட்டுமுகம் வெளியே தெரியாது. சட்டத்தில் இருக்கும் பூவேலைப்பாடு மூலையில் அறுபடாமல் அப்படியே திரும்பி ஓடும். இதற்குத்தான் மைட்டர் இணைப்பு என்று பெயர்.

பார்க்க எளிது. ஆனால் ஒரு பிரேமுக்கு நான்கு மூலை, மூலைக்கு இரண்டு வெட்டு, ஆக எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் ஒரே பக்கமாக வெறும் அரை டிகிரி தவறினால் எட்டுக்கும் சேர்த்து 4 டிகிரி. முதல் மூன்று மூலையையும் இறுக்கிச் சேர்த்துவிட்டால் அந்த 4 டிகிரியும் நான்காவது மூலைக்கு வந்துவிடும். 50 மில்லிமீட்டர் அகலச் சட்டமாக இருந்தால் அங்கே கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் பிளந்து நிற்கும். என் சுண்டு விரல் எப்படி நுழைந்தது என்று இப்போது புரிகிறதா?

ஆக, கையால் கோடு போட்டுக் கண்ணால் பார்த்து அறுப்பது தேறாது. ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்பத் தருகிற ஏதோ ஒன்று வேண்டும். இந்தச் சாமானின் மொத்த வரலாறும் அந்த 'ஏதோ ஒன்று' பற்றியதுதான்.

பெட்டியில் தொடங்கிய கதை

17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஜோசப் மாக்ஸன் என்பவர் கைத்தொழில்கள் பற்றி ஒரு நூலைத் தொடராக வெளியிட்டார். ஆங்கிலத்தில் தச்சு வேலையை எழுத்தில் வைத்த ஆரம்ப நூல்களில் அது ஒன்று. 45 டிகிரி கோடு போடுவதற்கென்றே இருந்த மைட்டர் மட்டத்தையும், படச் சட்டங்கள் அந்தக் கோணத்தில் சேர்க்கப்படுவதையும் அதில் விளக்குகிறார். ஆக என் பிரச்சினைக்கு வயது முன்னூறுக்கும் மேல்.

தச்சர்கள் கண்ட எளிய வழி மைட்டர் பெட்டி. மூன்று பலகையை 'ப' போலச் சேர்த்து அடித்தால் ஒரு தொட்டி மாதிரி வரும். இரண்டு சுவரிலும் 45 டிகிரிக்கும் 90 டிகிரிக்கும் வெட்டு விட்டிருப்பார்கள். கட்டையை உள்ளே வைத்து, ரம்பத்தை அந்த வெட்டுக்குள் விட்டு அறுக்க வேண்டியதுதான். கோணத்தைக் கவனிப்பது பெட்டியின் வேலை, அறுப்பது மட்டும் நம் வேலை. ஒரே குறை, அறுக்க அறுக்க ரம்பம் பெட்டியின் வெட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். வெட்டு அகலமானதும் ரம்பம் ஆட ஆரம்பிக்கும், கோணம் போச்சு.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இந்தக் குறை பெரிய தலைவலியாக மாறியது. 1830களில் சிகாகோ பக்கம் மெல்லிய மரச்சட்டங்களை ஆணியடித்து வீடு கட்டும் முறை பரவியது. மரவேலை மில்கள் பூவேலை செய்த சட்டங்களை இயந்திரத்தில் இழைத்து மலிவாகத் தள்ளின. கதவைச் சுற்றி, ஜன்னலைச் சுற்றி, சுவரின் அடியில், கூரையின் ஓரத்தில் என்று ஒரு வீட்டுக்குள் எத்தனை மூலைகள்! ஒவ்வொன்றும் மைட்டர் வெட்டு. மரப்பெட்டி எத்தனை நாள் தாங்கும்?

1860களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லியாண்டர் லாங்டன் என்பவர் இரும்பு மைட்டர் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். தையல் மெஷின் வடிவமைப்பிலும் ஈடுபட்டவர் இவர். இந்தப் பெட்டியில் ரம்பம் மரத்தை உரசி ஓடாது. இரும்புத் தூண்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தூண்களை வேண்டிய கோணத்துக்குத் திருப்பிப் பூட்டிவிடலாம். பின்னாளில் மில்லர்ஸ் ஃபால்ஸ் கம்பெனி இவற்றைத் தயாரித்தது. கூடவே வரும் நீளமான, முதுகில் தடித்த பட்டை வைத்த ரம்பத்தைப் பிலடெல்பியாவின் டிஸ்டன் கம்பெனி செய்து கொடுத்தது. இன்றைய மின்சார ரம்பத்தின் மேசையைத் திருப்பும்போது 45-இல் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் உட்காருகிறதே, அதற்கு இந்தப் பெட்டிகள்தான் தாத்தா.

வட்டப் பிளேடும் பெரியப்பாவின் விரலும்

இன்னொரு பக்கம் வட்ட ரம்பத்தின் கதை. 1813-இல் அமெரிக்காவில் ஷேக்கர் சமூகத்தைச் சேர்ந்த டபிதா பாபிட் என்ற பெண்மணி நூற்பு ராட்டையைப் பார்த்து வட்ட ரம்பத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை இணையம் முழுக்கச் சுற்றுகிறது. நல்ல கதைதான். ஆனால் 1777-லேயே இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் வாங்கிய காப்புரிமையில் வட்ட ரம்பம் வந்துவிடுகிறது. அழகான கதையைக் கேட்டால் ஆண்டைச் சரிபார் என்று எங்கள் பேராசிரியர் சொல்வது சும்மா இல்லை.

வட்டப் பிளேடு மில்களில் புகுந்தது. ஆனால் அங்கே ரம்பம் ஒரே இடத்தில் சுற்றும், மரத்தைத்தான் ஆள் தள்ள வேண்டும். நீளமான சட்டத்தைக் குறுக்கே வெட்டுவதற்கு இது சரிப்படாது. 1922-இல் நியூஜெர்சியின் பிரிட்ஜ்டன் ஊரில் ஒரு மரவேலை மில்லைக் கவனித்துவந்த ரேமண்ட் டிவால்ட் இதைத் தலைகீழாக்கினார். மோட்டாரையும் பிளேடையும் மேலே ஒரு கையில் தொங்கவிட்டார். மரம் மேசையில் அசையாமல் கிடக்கும், பிளேடை நம் பக்கம் இழுத்து வெட்டலாம். கையைத் திருப்பினால் மைட்டர் வெட்டும் ஆயிற்று. இதுதான் ரேடியல் ஆர்ம் ரம்பம். 1924-இல் பென்சில்வேனியாவில் அவர் தொடங்கிய கம்பெனி 1960-இல் பிளாக் அண்ட் டெக்கர் கைக்கு வந்தது. இன்று கடைகளில் பார்க்கும் மஞ்சள் கறுப்பு டிவால்ட் இவர் பெயர்தான்.

ரேடியல் ஆர்ம் ரம்பம் 1950களுக்குப் பிறகு அமெரிக்க வீடுகளின் கார் ஷெட்டுகளுக்குள்ளும் நுழைந்தது. அங்கேதான் வினை. பிளேடு சுற்றும் திசையும் நாம் அதை இழுக்கும் திசையும் ஒன்று. அதனால் சில சமயம் பிளேடு மரத்தின் மேல் ஏறிக்கொண்டு, தானாகவே நம்மைப் பார்த்து ஓடிவரும். மில் தொழிலாளிக்கே கஷ்டம், ஞாயிற்றுக்கிழமை தச்சருக்குக் கேட்கவா வேண்டும்? எமர்சன் கம்பெனி தயாரித்து, 1958 முதல் 1992 வரை கிராஃப்ட்ஸ்மன் என்ற பெயரில் விற்பனையான சுமார் 37 லட்சம் ரம்பங்களைப் பாதுகாப்பு மூடி போதவில்லை என்று 2000-ஆம் ஆண்டில் திரும்ப அழைத்தார்கள். 37 லட்சம்!

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். தன் விரலைப் பார்த்துக்கொண்டார். "எங்களுக்கு மூடியே இல்லடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எத்தனையோ வருடம் அந்த விரலைக் காட்டி எங்களுக்குப் புத்தி சொன்ன மனிதர், அந்த மில்லைப் பற்றிச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

1964-இல் பெட்டிக்கு மின்சாரம் வந்தது

1964-இல் அமெரிக்காவின் ராக்வெல் கம்பெனி ஒரு சிறிய இயந்திரத்தைக் கொண்டு வந்தது. பெயர், பவர் மைட்டர் பாக்ஸ். பெயரைக் கவனியுங்கள், பழைய பெட்டியைத்தான் மின்சாரப் பெட்டி என்கிறார்கள். மேலே மோட்டாரும் பிளேடும், கீழே திரும்பும் மேசை. கைப்பிடியை அழுத்தினால் பிளேடு கீழே இறங்கி வெட்டிவிட்டு ஸ்பிரிங் விசையில் மேலே போய்விடும். பிளேடின் பற்கள் மரத்தைக் கீழே மேசைமேலும் பின்னால் தடுப்பின்மேலும் அழுத்துகிற திசையில் சுற்றுகின்றன. பிளேடு மேலும் கீழும் மட்டுமே அசைவதால் ரேடியல் ஆர்ம் போல நம்மை நோக்கி ஓடிவரும் வேலை இல்லை. தூக்கிக்கொண்டு போகவும் சுலபம். சட்டம் அடிக்கும் தச்சர்கள் கட்டுமான இடத்துக்கே எடுத்துப் போனார்கள்.

அதாவது, என் பட்டியலில் இருந்த எந்த வசதியும் இல்லாத அந்த ஆதி இயந்திரமே என் பிரேமை வெட்டிவிடும்.

சாய்வும் ஸ்லைடும் யாருக்கு?

பிறகு பிளேடைப் பக்கவாட்டிலும் சாய்க்கும் வகை வந்தது. இதைக் காம்பவுண்ட் என்பார்கள். எதற்கு? அமெரிக்க வீடுகளில் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் சாய்வாக ஒரு பூவேலைச் சட்டம் ஓடும். கிரவுன் மோல்டிங் என்று பெயர். அங்கே பரவலாக விற்கும் வகை சுவரோடு 38 டிகிரியில் சாய்ந்து நிற்கும். அதை மேசையில் தட்டையாகப் படுக்கவைத்து மூலைக்கு வெட்ட வேண்டுமானால், மேசையை 31.6 டிகிரி திருப்பி, பிளேடை 33.9 டிகிரி சாய்க்க வேண்டும். நல்ல மைட்டர் ரம்பங்களின் அளவுகோலில் 31.6 என்ற விசித்திரமான இடத்தில் ஒரு பள்ளமோ குறியோ இருப்பதைப் பார்க்கலாம். எனக்கு ரொம்ப நாள் புதிராக இருந்தது. அது அமெரிக்கக் கூரையின் கணக்கு! சிமெண்ட் பூசிய நம் வீட்டுச் சுவரில் அந்தச் சட்டம் பெரும்பாலும் கிடையாது. ஆனால் அந்தப் பள்ளத்துக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

அடுத்து ஸ்லைடிங். பிளேடு கீழே மட்டும் இறங்கினால் அதன் விட்டம்தான் எல்லை. 255 மில்லிமீட்டர், அதாவது பத்து அங்குல பிளேடு நேராக வெட்டினால் சுமார் 130-140 மில்லிமீட்டர் அகலம், 45 டிகிரியில் 90 சொச்சம். அகலமான பலகை வெட்டுகிறவர்களுக்கு இது போதவில்லை. 1980களில் ஹிட்டாச்சி போன்ற ஜப்பானிய கம்பெனிகளின் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும் ரம்பங்கள் அமெரிக்கத் தச்சர்களிடம் பிரபலமாயின. பத்து அங்குல ஸ்லைடிங் ரம்பம் 300 மில்லிமீட்டர் வரைகூட வெட்டும். (அந்த ஹிட்டாச்சி கோகியின் பிராண்டுதான் 2018-இல் ஹைகோகி என்று பெயர் மாறியது.)

ஆனால் ஸ்லைடு வந்ததும் ரேடியல் ஆர்மின் பழைய பேயும் கூடவே வந்தது. பிளேடைச் சுற்றவிட்டு நம் பக்கம் இழுத்துக்கொண்டே வெட்டினால் மறுபடி அதே ஏறும் ஆபத்து. அதனால்தான் முதலில் முன்னால் இழு, பிறகு கீழே இறக்கு, பிறகு பின்னால் தள்ளி வெட்டு என்கிறார்கள். இந்த வரிசைக்குப் பின்னால் எத்தனை பேரின் விரல் இருக்கிறதோ.

லேசர் 2000களில் பரவலானது. பிளேடு எங்கே இறங்கும் என்று அது காட்டும், கோணத்தைத் திருத்தாது. அவ்வளவுதான் அதன் உபயோகம்.

விடியா என்றால் தெரியுமா?

நம் ஊர் பட்டறைகளில் 'விடியா வைத்த பிளேடு' என்பார்கள். அது ஒரு ஜெர்மன் கம்பெனியின் வணிகப் பெயர் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. 1920களின் நடுவில் குருப் கம்பெனி டங்ஸ்டன் கார்பைடு வெட்டுமுனைகளை இந்தப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 'வைரம் போல' என்று பொருள் தரும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. பின்னால் பெங்களூரிலும் தொழிற்சாலை வந்து, பெயர் பட்டறை மொழியில் ஒட்டிக்கொண்டது. எஃகுப் பல்லை அடிக்கடி அரம் போட வேண்டும். கார்பைடு பல் பல மடங்கு தாங்கும். மைட்டர் ரம்பத்தில் வெட்டின் சுத்தத்தைத் தீர்மானிப்பது முக்கால்வாசி இந்த பிளேடுதான். ரம்பத்தோடு பெரும்பாலும் 40 பல் பிளேடு வரும். படச் சட்டத்துக்கு 80 பல் இருந்தால் ஓரம் பிசிறாது. எங்கள் தெரு அலுமினிய ஜன்னல் கடையிலும் இதே இயந்திரம்தான், ஆனால் அலுமினியத்துக்கென்று வேறு பிளேடு. மாற்றிப் போடக்கூடாது.

சரி, எதைத்தான் வாங்குவது?

பெரியப்பாவின் கேள்வியை வைத்தே பிரித்துப் பார்க்கிறேன்.

1. வருடத்துக்குப் பத்துப் பிரேம், இரண்டு அங்குலத்துக்குள் சட்டம் என்றால் உங்கள் பிரச்சினை 1860களின் பிரச்சினை. இரும்புச் சட்டத்தில் ரம்பம் பிடித்திருக்கும் கை மைட்டர் ரம்பம் போதும். சத்தம் இல்லை, தூசும் குறைவு.

2. ஸ்டூல், அலமாரி, செருப்பு ஸ்டாண்ட் என்று நாலு அங்குலக் கட்டைகளை நிறைய வெட்டுவதென்றால் 1964-இன் பிரச்சினை. ஸ்லைடு இல்லாத பத்து அங்குல ரம்பம் வாங்கி, மிச்சக் காசில் நல்ல பிளேடு போடுங்கள்.

3. ஒரு அடி அகலப் பலகை அடிக்கடி வெட்டினால்தான் ஸ்லைடிங். விலை கூடும், பின்பக்கம் இடமும் அதிகம் வேண்டும்.

எதுவானாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். அகலமான நேர்க்கட்டையை 90 டிகிரியில் வெட்டி, ஒரு துண்டை மட்டும் குப்புறத் திருப்பித் தடுப்போடு ஒட்டி, வெட்டுமுகங்களைச் சேர்த்துப் பாருங்கள். தவறு இருந்தால் இரட்டிப்பாகத் தெரியும். திருத்த ஸ்குரூ இருக்கிறதா என்றும் கேளுங்கள். சுவிட்சை விட்டதும் பிளேடை நிறுத்தும் பிரேக் இருந்தால் நல்லது. 1800 வாட் என்றால் நம் 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் இழுக்கும், சின்ன பிளக் பாயிண்ட் தாங்காது. அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கி வருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது 120 வோல்ட். முகத்துக்கு மாஸ்க் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே வகைப்படுத்திவிட்டது.

முடிவு

நான் வாங்கியது? கை மைட்டர் ரம்பம் :-) ஏழெட்டுப் பிரேமுக்கு அதற்கு மேல் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. பட்டியலில் இருந்த எல்லாமே வேறு யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்கும் பலகைக்கும் பிறந்தவை. மிச்சப் பணத்தில் கட்டை வாங்கினேன். இயந்திரத்தில் ஒரு நிமிட வேலை எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது, தோள் வலிக்கிறது. இருக்கட்டும்.

முதல் பிரேம் சேர்த்தபோது பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான்காவது மூலையை அந்தக் குட்டை விரலால் தடவிப் பார்த்தார். இன்னும் ஒரு காகிதம் நுழைகிறது. சுண்டு விரல் நுழையவில்லை. "பரவாயில்ல. இதுவும் ரம்பம்தான், கையைப் பார்த்து வை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வரலாறு படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் உறவினர்களுக்கு இனி என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஸ்லைடிங் ரம்பத்தின் காசு மிச்சமாகும்!

அடுத்த பதிவில் சந்திப்போம்.

பி.கு: தங்கையின் ஓவியம் ஹாலில் மாட்டியாயிற்று. 'ஜன்னல்' பிரேமை அவள் தூக்கிப் போட விடவில்லை. அதில் என் படத்தை மாட்டப் போகிறாளாம்.